மாட்ரிட்டில் மதியச் சாப்பாடு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பக்கத்துக் கடையையும் பிடித்து மெஸ்ஸைப் பெரிதாக்கப் போகிறாய் என்று படித்ததும் சந்தோஷம். அட்வான்ஸ் தொகையைப் படித்ததும் தலை சுற்றியது. திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் என்றால் கேட்கத்தான் செய்வான், என்ன செய்ய? இங்கே எல்லோரும் நலம். சின்னவன் ஸ்பானிஷில்தான் சண்டை போடுகிறான். அடி விழும் என்று தெரிந்தால் மட்டும் தமிழுக்கு வருகிறான்.

சரி, நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். "ஒரு ஆள் ரெண்டு மணி நேரம் டேபிளைப் பிடிச்சு உட்கார்ந்தா ஹோட்டல்காரன் எப்படிடா பிழைப்பான்?" என்று எழுதியிருந்தாய். கல்லாவில் உட்கார்ந்து பழகியவனுக்குத்தான் இந்தக் கேள்வி தோன்றும். இந்த ஊருக்கு வந்த புதிதில் எனக்குத் தோன்றவில்லை. நீ எழுதிய பிறகு, போகிற இடமெல்லாம் உன் கண்ணோடு பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மாட்ரிட்டில் திங்கள் முதல் வெள்ளி வரை, அநேகமாக எல்லாச் சின்ன ஹோட்டல் வாசலிலும் ஒரு கரும்பலகை நிற்கும். முதல் தட்டுக்கு நாலைந்து பண்டம், இரண்டாம் தட்டுக்கு நாலைந்து பண்டம். இதில் ஒன்று, அதில் ஒன்று சொல்ல வேண்டும். கூடவே ரொட்டி, குடிக்க ஒயினோ பீரோ தண்ணீரோ, கடைசியில் இனிப்பு அல்லது காபி. எல்லாம் சேர்த்து ஒரே விலை. மெனு தெல் தியா என்று பெயர். என் ஆபீஸ் பக்கம் 14, 15 யூரோ ஆகிறது. ரூபாயில் பெருக்காதே, சாப்பாடு இறங்காது. இங்கே வாங்குகிற சம்பளத்துக்கு, பெயின்ட் அடிக்கிறவரும் பேங்க் மேனேஜரும் அடுத்தடுத்த டேபிளில் உட்கார்ந்து சாப்பிடுகிற விலைதான் அது.

இது தானாக முளைத்த வழக்கமில்லை. 1960களின் நடுவில், சர்வாதிகாரி பிராங்கோ ஆட்சியில் மானுவேல் ஃபிராகா சுற்றுலா அமைச்சராக இருந்தபோது, வெளிநாட்டுப் பயணிகளுக்குக் கட்டுப்படியாகிற விலையில் ஒரு முழுச் சாப்பாடு வைக்கச் சொல்லி ஹோட்டல்களுக்கு அரசாங்கம் உத்தரவு போட்டது. பயணிக்காக வந்ததை உள்ளூர்க்காரன் பிடித்துக்கொண்டான். அந்தக் கட்டாயமெல்லாம் போன பிறகும் கரும்பலகை போகவில்லை.

இதில் இருக்கும் சூட்சுமம் உனக்கு உடனே புரியும். பலகையில் இருப்பதெல்லாம் காலையிலேயே அடுப்பில் ஏற்றி இறக்கக்கூடிய சமாச்சாரம்: பருப்புக் குழம்பு மாதிரி லெந்தேஹாஸ், பீன்ஸ், மக்ரோனி, வறுத்த கோழி. மிஞ்சிய கோழி மறுநாள் க்ரோக்கெட்டாஸ் என்ற பொரித்த உருண்டை ஆகிவிடும். வியாழக்கிழமை என்றால் பல கடைகளில் பாயேயா என்ற அரிசிச் சாப்பாடு. ஒரே பெரிய வாணலி, ஒரே வேலை. இனிப்புக்கு ஆரோஸ் கோன் லேச்சே என்று பட்டை, எலுமிச்சைத் தோல் போட்ட பால்சோறு, குளிர வைத்து எடுத்து வருவார்கள். சரக்கு வீணாவது குறைவு, ஆர்டர் வந்த பிறகு அடுப்பு மூட்டுகிற வேலையும் குறைவு.

ஆனாலும் மதியம் ஒரு பந்திதான், மிஞ்சிப்போனால் ஒன்றரை. இரண்டு மணிக்கு நிரம்பும். நாலு மணிக்கு அடுப்பை அணைத்துவிடுவார்கள். அப்புறம் ராத்திரி எட்டரைக்கு மேல்தான் சமையல்கட்டு திறக்கும். அப்படியானால் வாடகை எங்கிருந்து வருகிறது? எனக்குத் தெரிந்து கவுன்ட்டரிலிருந்துதான். காலையில் ஏழு மணிக்குக் கடை திறக்கிறது. காபியும், தக்காளி அரைத்துத் தடவி ஆலிவ் எண்ணெய் ஊற்றிய ரொட்டியும். பதினொரு மணிக்கு ஆபீஸ் மொத்தமும் இரண்டாவது காபிக்கு இறங்கி வரும். சாயங்காலம் சின்ன கிளாஸில் பீர். ஒரு கிளாஸுக்கு நாலு ஆலிவோ, ஒரு துண்டு முட்டை-உருளை அடையோ பல இடங்களில் இலவசம். அந்த உப்புக்குத் தாகம் எடுக்கும், இரண்டாவது கிளாஸ் தானாக வரும். நின்றுகொண்டு குடிக்கிறவனுக்கு டேபிள் வேண்டாம், நாற்காலி வேண்டாம். வெளியே நடைபாதையில் உட்கார்ந்தால் பல கடைகளில் விலை கொஞ்சம் கூடுதல். ஆக, டேபிளில் நான் இரண்டு மணி நேரம் உட்காருவதற்குக் கவுன்ட்டரில் நிற்கிறவன் பணம் கட்டுகிறான் என்று வைத்துக்கொள்.

என் ஆபீஸ் எதிரில் இருக்கும் கடையின் சப்ளையரை நீ பார்க்க வேண்டும். அறுபதைத் தொட்டிருப்பார். ரோலிலிருந்து வெள்ளைக் காகிதத்தைச் சர்ரென்று கிழித்து டேபிளில் விரிப்பார். ஆறு பேர் சொல்வதை எழுதாமல் கேட்டுவிட்டு, திரும்பி நடந்துகொண்டே சமையல்கட்டுக்குச் சத்தம் போடுவார். ஒரு கையில் நாலு தட்டு. எது யாருக்கு என்று கேட்டதே கிடையாது. ஒயின் பாட்டிலோடு ஒரு சோடா பாட்டிலையும் வைப்பார். இரண்டையும் கலந்து குடிக்கிறவர்கள் நிறைய. டிப்ஸுக்காகச் சிரிக்கிற ஆளில்லை. அங்கே டிப்ஸ் என்பது சில்லறையை விட்டுவிட்டு வருவதுதான். அவருக்கு மாதச் சம்பளம் இருக்கிறது, சங்கம் இருக்கிறது. சாப்பிட்டு முடித்த பிறகு பில்லை மட்டும் அவராகக் கொண்டுவர மாட்டார். கேட்காமல் பில் வைத்தால் எழுந்து போ என்று சொன்ன மாதிரி. காபி ஆறிப்போகும், பேச்சு ஆறாது.

நேரம்தான் உனக்குக் கஷ்டமாக இருக்கும். மதியம் இரண்டரை, ராத்திரி ஒன்பதரை. பாதிக் காரணம் கடிகாரம். மாட்ரிட் இருப்பது லண்டனுக்கும் மேற்கே. 1940-ல் பிராங்கோ கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி பெர்லின் நேரத்தோடு சேர்த்தார். அது இன்றுவரை அப்படியே இருக்கிறது. கோடையில் சூரியன் உச்சிக்கு வரும்போது கடிகாரத்தில் மணி இரண்டே கால். ஜூன் மாதம் ஒன்பதரைக்கும் வெளிச்சம் இருக்கும். வெயிலைப் பார்த்தால் சரியான நேரத்துக்குத்தான் சாப்பிடுகிறார்கள்.

வீட்டுக்காரிக்குத்தான் இன்னும் சிரமம். முட்டை சாப்பிடுவாள், கறி மீன் கிடையாது. இங்கே "கறி இல்லாமல்" என்று சொன்னால் டூனா மீன் போட்ட சாலட் வரும். லெந்தேஹாஸில் சொரீசோ என்ற பன்றி சாசேஜ் துண்டு கிடக்கும். பச்சை பீன்ஸில் பன்றித்தொடை இறைச்சியைப் பொடியாக வெட்டிப் போட்டிருப்பார்கள். கேட்டால் "அது வாசனைக்குத்தானே" என்பார்கள். ஒரு கடையில் அந்தத் துண்டுகளை மட்டும் பொறுக்கி எடுத்துவிட்டு அதே தட்டைத் திரும்பக் கொண்டுவந்து வைத்தார்கள். அவள் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்! இப்போது அவளுக்கென்று ஒரு பட்டியல் இருக்கிறது: கஸ்பாச்சோ என்ற குளிர்ந்த தக்காளி சூப், பிஸ்தோ என்ற காய்கறிக் கூட்டு, பத்ரோன் என்ற சின்னப் பச்சை மிளகாய் வறுவல், தொர்த்தீயா என்ற அந்த முட்டை-உருளை அடை. அந்த மிளகாயில் எப்போதாவது ஒன்று நல்ல காரமாக இருக்கும். அது வாயில் மாட்டினால் ஸ்பானியர்கள் கதறுவார்கள், இவள் இன்னொன்று தேடுவாள். தொர்த்தீயாவில் வெங்காயம் போடலாமா கூடாதா என்பது இங்கே குடும்பத்தைப் பிரிக்கிற சண்டை. எங்கள் வீட்டில் வெங்காயக் கட்சி.

பெரிய பெயர்களைப் பற்றியும் கேட்டிருந்தாய். உலகத்திலேயே பழைய ஹோட்டல் என்று கின்னஸ் புத்தகத்தில் இருக்கும் போத்தீன் இங்கேதான், பிளாசா மயோர் என்ற பழைய சதுக்கத்துக்குக் கீழே. 1725-ல் ஆரம்பித்தது. விறகு அடுப்பில் பால்குடிப் பன்றிக்குட்டியை முழுசாக வாட்டித் தருவார்கள். ஆபீஸ் விருந்தாளிகளோடு போனேன். நன்றாகத்தான் இருந்தது, ஆனால் சுற்றிலும் எங்களைப் போன்ற வெளியூர்க்காரர்கள்தான். கொசீதோ என்ற கொண்டைக்கடலை-இறைச்சிக் குழம்பு சாப்பிட லா போலா என்ற ஹோட்டலுக்குப் போகலாம். 1870-லிருந்து நடக்கிறது. ஆளுக்கொரு மண்சட்டி, கரி அடுப்பு. முதலில் சட்டியிலிருந்து சூப்பை நூடுல்ஸ் மேல் ஊற்றுவார்கள், பிறகு கொண்டைக்கடலை, காய்கறி, இறைச்சி. சாப்பிட்டால் அன்றைக்கு வேறு வேலை ஓடாது.

எனக்குப் பிடித்தது காசா லாப்ரா. ஊர் நடுவில் இருக்கும் பூவெர்தா தெல் சோல் சதுக்கத்துக்குப் பக்கத்துச் சந்தில் 1860-லிருந்து இருக்கிறது. மாவில் தோய்த்துப் பொரித்த பக்கலாவ் (காட்) மீன் ஒரு துண்டு, ஒரு கிளாஸ், நின்றபடியே சாப்பிடு, கிளம்பு. 1879-ல் ஸ்பெயினின் சோஷலிஸ்ட் கட்சியை ரகசியமாக ஆரம்பித்தது அந்தக் கடையில்தான். நம் ஊர் டீக்கடைகளில் எத்தனை கட்சி ஆரம்பித்திருப்பார்களோ, யாரும் கல்வெட்டு வைக்கவில்லை.

ஒன்று சொன்னால் சிரிப்பாய். உன் மெஸ்ஸில் உட்கார்ந்ததும் தண்ணீர் டம்ளர் வருமல்லவா? இங்கே குழாய்த் தண்ணீரை இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்று 2022-ல் சட்டம் போட வேண்டியிருந்தது. அதுவும் பிளாஸ்டிக் பாட்டிலைக் குறைப்பதற்காகப் போட்ட சட்டம்.

ஆனால் உன் கணக்கு இந்த ஊருக்கும் வந்துகொண்டிருக்கிறது மாப்பிள்ளை. ஓரளவு பிரபலமான இடங்களில் ராத்திரிக்கு இரண்டு பந்தி என்று ஆக்கிவிட்டார்கள்: எட்டரைக்கு ஒன்று, பத்தரைக்கு ஒன்று. கல்யாண நாளுக்கு ஒரு இடத்தில் டேபிள் சொல்லியிருந்தோம். இனிப்பு வருவதற்குள் ஒரு பெண் வந்து அடுத்த ஆட்கள் காத்திருக்கிறார்கள் என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். எனக்கு என்னவோ இரண்டு நாள் ஆறவில்லை. திருச்சியில் ஆள் இலையை மூடுவதற்கு முன்பே பின்னால் வந்து நிற்பான், அப்போது கோபம் வந்ததே இல்லை. அங்கே யாரும் நேரத்துக்குச் சேர்த்துக் காசு வாங்கவில்லை, அதனால் இருக்கலாம். எதிர்க் கடைச் சப்ளையரிடம் இதைச் சொன்னேன். "வாடகையைப் பார்த்தீர்களா?" என்று மட்டும் கேட்டார். உன்னை மாதிரியே பேசுகிறார்.

அடுத்த வருஷம் நிஜமாகவே வருவதாக இருந்தால் ஆகஸ்ட் வேண்டாம். பாதிக் கடைக்காரர்கள் பூட்டிவிட்டு ஊருக்குப் போய்விடுவார்கள், வெயிலும் தாங்காது. மே மாதம் சரியாக இருக்கும். ஞாயிறு ராத்திரியும் திங்கட்கிழமையும் பல இடங்கள் லீவு, அதனால் செவ்வாய்க்கிழமை வந்து இறங்குகிற மாதிரி டிக்கெட் போடு. எதிர்க் கடைச் சமையல்கட்டை உனக்குக் காட்டச் சொல்லிக் கேட்டிருக்கிறேன், சரி என்றிருக்கிறார்கள். தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் விசாரிப்பு. புதுக் கடையின் வாடகைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு நகல் எனக்கு அனுப்பு.

அன்புடன்,
உன் ஹாஸ்டல் கூட்டாளி