மாரன் வேறு, லூசிஃபர் வேறு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் மேலைநாட்டு மறைஞான மரபுகள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல முயற்சிதான். ஆனால் ஞானம் தேடுவோரைத் தடுக்க வருவதாகப் பௌத்தர்கள் சொல்லும் மாரனும், மேற்கில் சாத்தானுக்குச் சொல்லும் பெயரான லூசிஃபரும் ஒருவரே என்று போகிற போக்கில் ஒரு வரி வருகிறதே, அதை அப்படியே விட மனம் வரவில்லை.

1850களில் பிரான்ஸில் எலிஃபாஸ் லெவி என்ற மறைஞான எழுத்தாளர் ஆட்டுத் தலையும் சிறகும் வைத்து பாஃபொமெட் என்ற உருவத்தின் படத்தை வரைந்தார். இன்றைக்குச் சாத்தான் படம் என்று பலரும் பகிர்வது அதைத்தான். ஆனால் லெவிக்குச் சாத்தான் ஓர் ஆளே அல்ல. நல்லதற்கும் கெட்டதற்கும் உதவக்கூடிய ஒரு சக்தியைத் தவறாகக் கையாண்டால் அதுதான் சாத்தான் என்றார். அப்புறம் பிரம்மஞான சபையை நிறுவியவர்களில் ஒருவரான பிளாவட்ஸ்கி அம்மையார். 1880 மே மாதம் இலங்கையின் காலி நகரில், சபையை உடன் நிறுவிய ஆல்காட்டோடு சேர்ந்து பௌத்தர்களின் ஐந்து ஒழுக்க விரதங்களான பஞ்சசீலம் ஏற்றவர், சென்னை அடையாறுக்குச் சபையின் தலைமையகத்தைக் கொண்டுவந்தவர்களில் ஒருவர், அவரே 1887இல் லண்டனில் தொடங்கிய பத்திரிகைக்கு லூசிஃபர் என்று பெயர் வைத்தார். லூசிஃபர் மனிதனுக்கு அறிவைக் கொடுத்தவன் என்பது அவர் பார்வை. பௌத்தமும் லூசிஃபரும் ஒரே வீட்டில் குடியேறியது இப்படித்தான் என்று நினைக்கிறேன்.

சரி, அறிவைக் கொடுத்தவன் என்று புகழ்ந்தாலும் விழுந்த தேவதூதன் என்று பழித்தாலும், அந்தக் கதைக்குப் படைத்தவன் ஒருவன் வேண்டும், அவனை எதிர்க்க ஒருவன் வேண்டும். பௌத்தத்தில் படைத்தவனே இல்லையே, யாரை எதிர்ப்பது? மாரன் எங்கிருந்தும் தள்ளப்பட்டவன் அல்ல. காம உலகின் ஆறு தேவலோகங்களில் மேலானதில் இருக்கிறான், அதுவும் முன்பு செய்த புண்ணியத்தால். யாரும் தன் எல்லையைத் தாண்டிப் போய்விடக் கூடாது, அது ஒன்றுதான் அவன் கவலை. நேரஞ்சரா ஆற்றங்கரையில் உடல் வற்றிப்போய்த் தவமிருந்த சித்தார்த்தரிடம் வந்து அவன் என்ன சொல்கிறான் தெரியுமா? இப்படி மெலிந்துவிட்டாயே, உயிரோடு இரு, வேள்வி செய், புண்ணியம் சேர், எதற்கு இந்தப் பாடு என்கிறான். பாவம் செய் என்று சொல்லவே இல்லை! லூசிஃபர் கண்ணைத் திற என்பவன், மாரன் இருக்கிற இடத்திலேயே சுகமாக இரு என்பவன். இரண்டும் எப்படி ஒன்றாகும்?

சோமா என்ற பிக்குணி சாவத்திக்கு அருகே காட்டில் தனியே தியானத்தில் இருக்கிறார். இரண்டு விரல் அறிவுள்ள, அதாவது சொற்ப அறிவே உள்ள பெண்ணுக்கு ஞானிகள் அடையும் நிலை எட்டாது என்று மாரன் மிரட்டுகிறான். மனம் நன்றாக ஒருமைப்பட்டு உண்மையைப் பார்க்கும்போது பெண் என்பது எங்கே குறுக்கே வருகிறது என்று கேட்கிறார் சோமா. தன்னை அடையாளம் கண்டுகொண்டாரே என்று வாடிப்போய் மறைகிறான். மந்திரமும் இல்லை, பேயோட்டலும் இல்லை, தெரிந்துகொண்டாலே போதும்.

எனக்கு மிகவும் பிடித்தது புத்தரின் சீடர் மொக்கல்லானர் கதை. நடந்துகொண்டிருக்கும்போது உளுந்தை நிறையத் தின்றது போல வயிறு கனக்கிறதே என்று உட்கார்ந்து கவனிக்கிறார், உள்ளே மாரன். வெளியே வா என்று கூப்பிட்டுவிட்டுச் சொல்கிறார்: முன்னொரு காலத்தில் நானே தூசி என்ற பெயரில் மாரனாக இருந்தேன், என் சகோதரி காளியின் மகன் நீ. அதாவது மருமகன்! அந்தப் பிறவியில் செய்த கொடுமைக்கு நரகத்தில் கிடந்து அனுபவித்ததையும் அவரே விவரிக்கிறார். மாரனாக இருந்தவர் புத்தரின் தலைமைச் சீடர்களில் ஒருவராகிவிட்டார். 

ஒற்றுமையே இல்லை என்று நான் சொல்லவில்லை. 1909இல் வந்த, குறி பார்க்கப் பயன்படும் ரைடர் டாரோ சீட்டுக்கட்டின் சாத்தான் சீட்டில் சாத்தானின் பீடத்தில் கட்டப்பட்டிருக்கும் ஆண், பெண் இருவரையும் பாருங்கள், கழுத்துச் சங்கிலி தளர்வாகத்தான் தொங்குகிறது, நினைத்தால் கழற்றிவிடலாம். கட்டைத் தெரிந்துகொண்டாலே விடுபடலாம் என்ற இந்த இடத்தில் மட்டும் இரண்டு மரபும் கிட்டே வருகின்றன. கட்டுரையாளர் இதைத் தொட்டிருக்கலாம்.

இந்தத் தொடர் இன்னும் வரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். 'மாரனை வெல்லும் வீர' என்று மணிமேகலை புத்தரைத் துதிக்கும் தமிழில் எழுதும்போது, மாரன் யார் என்று பௌத்த நூல்களையே பார்த்து எழுதச் சொல்லுங்கள். அடுத்த பகுதியிலாவது அந்த வரியைத் திருத்தி வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், காஞ்சிபுரம்