பண்டிதரின் மருத்துவ வாழ்வை நூலாக்கக் கைகொடுங்கள்

அன்புடையீர், வணக்கம்.

ஆபிரகாம் பண்டிதர் என்றதும் 'கருணாமிர்த சாகரம்' என்ற இசை நூல் நினைவுக்கு வரும். தமிழிசைக்கு அவர் செய்ததை எடுத்துச் சொல்லப் பலர் இருக்கிறார்கள். 1912 முதல் தஞ்சையில் சொந்தச் செலவில் இசை மாநாடுகள் கூட்டினார். 1917-இல் ஆயிரம் பக்கங்களைத் தாண்டிய அந்த நூலை வெளியிட்டார். இத்தனைக்கும் பணம் எங்கிருந்து வந்தது? சித்த மருத்துவத்திலிருந்து. அந்தப் பாதி வாழ்க்கையைத்தான் நாம் கிட்டத்தட்ட மறந்துவிட்டோம்.

1859-இல் சாம்பவர் வடகரையில் பிறந்தவர் அவர். திண்டுக்கல்லில் ஆசிரியராக இருந்தபோதே வைத்தியத்தில் ஈடுபாடு. சுருளிமலையில் கருணானந்தர் என்ற துறவியிடம் மருந்து முறைகளைக் கற்றார். அப்புறம் தஞ்சைக்கு வந்து, பள்ளி வேலையை விட்டு முழுநேர வைத்தியரானார். மருந்துகளுக்குக் குருவின் பெயரையே வைத்தார். ஆங்கில மருத்துவத்துக்கு அரசின் ஆதரவு இருந்த காலம் அது. நாட்டு மருத்துவம் பின்னுக்குத் தள்ளப்பட்டபோது, ஊருக்கு வெளியே நிலம் வாங்கி மூலிகை பயிரிட்டார். கருணானந்தபுரம் என்று அவர் பெயரிட்ட அந்த இடத்தை மக்கள் 'பண்டிதர் தோட்டம்' என்றே அழைத்தார்கள். குருபக்தியோடு நிற்காமல், மருந்தைப் பயிரிலிருந்தே தொடங்கிச் செய்த இந்த உழைப்புதான் எங்களை மிகவும் ஈர்க்கிறது.

இந்த வாழ்க்கையை 240 பக்க நூலாகக் கொண்டுவர எங்கள் குழு முனைந்துள்ளது. ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம்: இது மருந்துக் குறிப்புப் புத்தகம் அல்ல. இதைப் படித்து யாரும் தங்கள் சிகிச்சையை நிறுத்தக் கூடாது. ஒவ்வொரு மருத்துவச் செய்தியையும் ஒரு சித்த மருத்துவரும் ஒரு நவீன மருத்துவரும் சரிபார்த்த பின்பே அச்சுக்கு அனுப்புவோம். நிரூபிக்கப்படாததை நிரூபிக்கப்படாதது என்றே எழுதுவோம். பண்டிதர் மீதுள்ள மதிப்பால்தான் இதில் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறோம்.

பழைய தாள்களை ஒளிவருடவும், தட்டச்சுக்கும், 500 படிகள் அச்சிடவும் மொத்தம் ரூ. 1,80,000 தேவை. உறுப்பினர்கள் ரூ. 65,000 போட்டுவிட்டோம். மீதிக்கு உங்களை நம்பியிருக்கிறோம். 100 ரூபாயும் உதவிதான். ரூ. 1,000-க்கு மேல் தருபவர்களுக்கு ஒரு படி அனுப்புவோம். ஒவ்வொரு தொகைக்கும் ரசீது உண்டு. வரவு செலவுக் கணக்கு நூலின் கடைசிப் பக்கங்களிலேயே அச்சாகும். மருந்து நிறுவனங்களிடம் பணம் வாங்குவதில்லை என்று முடிவு செய்துள்ளோம்.

பணம் தர இயலாதவர்கள், வீட்டில் பண்டிதர் காலத்து மருந்துப் பட்டியலோ விளம்பரத் தாளோ பழைய புட்டியோ இருந்தால் இரவல் கொடுங்கள். படம் எடுத்துக்கொண்டு பத்திரமாகத் திருப்பித் தருவோம்.

நன்றியுடன்,
நூல் வெளியீட்டுக் குழுவினர்