உங்கள் ஃபயர்வால் பெட்டியில் கெர்னலை மாற்றுகிறோம்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். உங்கள் இன்டர்நெட் லைனுக்கும் அலுவலகக் கம்ப்யூட்டர்களுக்கும் நடுவில் நாங்கள் வைத்திருக்கும் சிறிய லினக்ஸ் ஃபயர்வால் பெட்டியின் கெர்னலை, அதாவது அதன் இயங்குதளத்தின் மையப் பகுதியை, இந்த மாதம் மாற்றப்போகிறோம். "நன்றாகத்தானே ஓடுகிறது, அதில் ஏன் கை வைக்க வேண்டும்?" என்று சிலர் கேட்டீர்கள். நியாயமான கேள்வி.

வெளியிலிருந்து பாஸ்வேர்டை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பவர்களைத் தடுக்க இரண்டு வசதிகள் வேண்டும். ஒன்று ஐபிசெட். நெட்டில் ஒவ்வொரு இணைப்பும் எங்கிருந்து வருகிறது என்று காட்டும் ஐபி முகவரிகளை ஆயிரக்கணக்கில் ஒரே தொகுப்பாக வைத்து, ஒரே விதியில் தடுத்துவிடலாம். அது இல்லாவிட்டால் முகவரிக்கு ஒரு விதி எழுத வேண்டும். வரும் பாக்கெட் (நெட்டில் போய்வரும் தகவல் துண்டு) ஒவ்வொன்றையும் வரிவரியாக ஒப்பிட்டே லைன் மந்தமாகிவிடும். இன்னொன்று, ஒரே முகவரி ஒரே சமயத்தில் திறக்கும் இணைப்புகளுக்கு வரம்பு வைக்கும் கனெக்‌ஷன் லிமிட்.

ஐபிசெட் 2011இல் வந்த 2.6.39 பதிப்பிலேயே கெர்னலில் சேர்ந்துவிட்டது. ஆனால் இந்தப் பெட்டிக்குள் இருக்கும் போர்டோடு வரும் கெர்னலில் இரண்டையும் சேர்க்காமல் விட்டிருக்கிறார்கள். விதியை ஏற்றினால் ‘நோ செயின்/டார்கெட்/மேட்ச் பை தட் நேம்’ என்று, அதாவது அந்தப் பெயரில் எதுவும் இல்லை என்று, திருப்பி அனுப்புகிறது. விதிகளை ஏற்றும் ஐபிடேபிள்ஸ் என்ற கருவி உத்தரவு மட்டுமே போடும். பாக்கெட்டைச் சோதிப்பது கெர்னலுக்குள் இருக்கும் நெட்ஃபில்டர். அங்கே அந்தப் பகுதி இல்லையென்றால் மேலே எந்த சாஃப்ட்வேரைப் போட்டும் பயனில்லை.

அதனால் இப்போது ஓடும் கெர்னலின் கான்ஃபிக் ஃபைலையே (எந்தெந்த வசதிகள் வேண்டும் என்ற பட்டியலையே) எடுத்து, மெனுகான்ஃபிக் என்ற தேர்வுத் திரையில் தேவையானதை மட்டும் ஆன் செய்து, எங்கள் கம்ப்யூட்டரில் கம்பைல் செய்கிறோம், அதாவது மூல நிரலிலிருந்து புதிதாக உருவாக்குகிறோம். பழைய கெர்னலும் பெட்டியிலேயே இருக்கும். புதியது பூட் ஆகாவிட்டால் அதற்கே திரும்பிவிடலாம்.

நாங்கள் அதிகம் யோசித்தது இதற்குப் பிறகு வருவதைப் பற்றித்தான். விதிப் பட்டியலில் ஒரு வரியைக் கெர்னல் ஏற்காவிட்டாலும் அந்தப் பட்டியல் முழுவதும் ஏறாமல் போய்விடும். தானாக வரும் அப்டேட் ஒன்று எங்கள் கெர்னலுக்குப் பதில் பழைய வகையைப் போட்டுவிட்டால், பெட்டி காவல் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கலாம். எனவே கெர்னல் அப்டேட்டை மட்டும் நிறுத்தி வைக்கிறோம். அதோடு, எல்லாவற்றையும் மறுக்கும் சிறு பட்டியல் ஒன்று முதலில் ஏறும்படியும் செய்கிறோம். முழுப் பட்டியல் ஏறாவிட்டால் நெட் நின்றுவிடும். நெட் நின்றால் உங்களுக்கு உடனே தெரியும். கதவு திறந்து கிடந்தால் தெரியாது.

இனிமேல் கெர்னலுக்கு வரும் பாதுகாப்புத் திருத்தங்களை நாங்களே கம்பைல் செய்து கொண்டுவந்து போடுவோம். ஆண்டுப் பராமரிப்புக் கட்டணத்திலேயே அது அடக்கம்.

வேலை முடிய பெட்டியை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். பில் போடும் நேரம் தவிர்த்து உங்களுக்கு வசதியான நேரத்தைச் சொல்லுங்கள். அப்போது யுபிஎஸ்ஸை மட்டும் அணைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நன்றியுடன்,
நெட்வொர்க் பராமரிப்புக் குழு