பொருள்: உங்கள் உறைவிந்துக் குச்சியில் பிறந்த கன்று நான்காம் நாள் இறந்தது, மூன்றாவது கடிதம்

வணக்கம் ஐயா,

முதல் இரண்டு கடிதத்துக்கும் பதில் வரவில்லை. போனில் ஐந்து பேரிடம் பேசிவிட்டேன், ஆளுக்கொரு நம்பர் கொடுக்கிறீர்கள், அவ்வளவுதான்.

எங்கள் எச்.எஃப். (ஹோல்ஸ்டீன் பிரீசியன்) கலப்பு மாட்டுக்குப் போட்ட சினை ஊசி, காளை விந்தை உறையவைத்து நீங்கள் அடைத்துக் கொடுத்த குச்சிதான். கிடாரிக் கன்று, நல்லபடியாகத்தான் விழுந்தது, எழுந்து சீம்பால் குடித்தது. இரண்டாம் நாள் சாயங்காலம் மடியைத் தேடாமல் நின்றது. மறுநாள் கொட்டகைச் சுவரில் நெற்றியை முட்டி அழுத்திக்கொண்டே நின்றது, கண் முன்னால் கையை ஆட்டினேன், இமைக்கவில்லை. அப்புறம் இழுப்பு வந்து உயிர் போய்விட்டது.

டாக்டர் சிட்ருலினீமியாவாக இருக்கும் என்று சந்தேகப்படுகிறார். உடம்பில் சேரும் அம்மோனியாவைக் கழிக்கத் தேவையான நொதி பிறவியிலேயே இல்லாத நோயாம். தாய், தகப்பன் இரண்டு பக்கமும் அந்தக் குறை இருந்தால்தான் கன்றுக்கு வருமாம். எங்கள் பசுவும் உங்கள் குச்சியில் பிறந்ததுதான், சினை ஊசி அட்டையில் காளை எண் இருக்கிறது. பொலிகாளைக்கு இந்தச் சோதனை செய்ய வேண்டும் என்று மத்திய அரசு நெறிமுறை சொல்கிறது, அது உங்களுக்குத் தெரியாததா? கன்றின் தகப்பன், பசுவின் தகப்பன் என்று இரண்டு காளைகளின் சோதனைச் சான்றையும் காட்டுங்கள் என்றுதான் கேட்டேன்.

அதற்கு உங்கள் ஆபீஸில் இருந்தவர் என்ன சொன்னார் தெரியுமா? "செத்த கன்றுக்கு ஜாதகம் கேட்கிறீர்களா?" பால் கறவையை விட்டுவிட்டு இரண்டு பஸ் மாறி, காலிக் குச்சியைத் துணியில் சுற்றிக்கொண்டு ஈரோடு வந்தவனிடம் பேசுகிற பேச்சா இது? அந்தக் குச்சியைக் கையில்கூட வாங்கவில்லை. உட்காரச் சொல்லவும் இல்லை.

இந்தக் கிடாரியை நம்பித்தான் அடுத்த பத்து வருடத்துக்குக் கணக்குப் போட்டிருந்தேன். எங்கள் குடும்பமே நடுத்தெருவுக்கு வந்த மாதிரி இருக்கிறது. உங்கள் ஆட்கள் எல்லோரும் இப்படி என்று சொல்லவில்லை, ஊசி போட வந்த தம்பி தன்மையானவர். தயவுசெய்து நீங்களாவது பதில் போடுங்கள். பதினைந்து நாளில் வராவிட்டால் கால்நடை பராமரிப்புத் துறையில் எழுத்தில் கொடுப்பேன், மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் வழக்குப் போடுவேன். அட்டை, குச்சி, டாக்டர் சீட்டு எல்லாம் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

செத்த கன்றின் தகப்பன் காளை எண்ணிலேயே சினையான இன்னொரு மாடும் எங்கள் கொட்டகையில் நிற்கிறது, அதுவும் உங்கள் குச்சியில் பிறந்ததுதான். இது எட்டாம் மாதம். சீக்கிரம் சொல்லுங்கள்.