மருந்து மட்டும் போதாது

ஆசிரியருக்கு,

நீலகிரியில் முட்டைக்கோஸ், காலிஃபிளவர் பயிர்கள் நடுப்பகலில் வாடி மாலையில் தலைதூக்கினால் உடனே தண்ணீர் பாய்ச்ச வேண்டாம். ஒரு செடியைப் பிடுங்கிப் பாருங்கள். வேர் கிழங்குபோல் விரல் விரலாகப் பருத்திருந்தால் அது வேர்முடிச்சு நோய் (கிளப் ரூட்). அதன் பிறகு எந்த மருந்தும் அந்தச் செடியை மீட்காது. மருந்துக்குரிய நேரம் நடவுதான்.

லிட்டர் தண்ணீருக்கு 2 கிராம் கார்பன்டசிம் என்ற பூஞ்சாணக்கொல்லி கலந்து நாற்றின் வேரை 20 நிமிடம் நனைத்து நடவேண்டும். பிறகு லிட்டருக்கு 1 கிராம் வீதம் தூரைச் சுற்றி மண் நனைய ஊற்றவேண்டும். இலைமேல் தெளிப்பது வீண் செலவு. கையுறை அவசியம்.

இதுவும் நோயைத் தணிக்குமே தவிர ஒழிக்காது. இக்கிருமி உண்மையான பூஞ்சாணம் அல்ல. அதன் வித்துகள் மண்ணில் பத்தாண்டுக்கு மேலும் உயிரோடிருக்கும். புளிப்பு மண்ணும் ஈரமும் அதற்குக் கொண்டாட்டம். எனவே நடவுக்குச் சில வாரம் முன்பே ஏக்கருக்கு 1 டன் சுண்ணாம்பு இட்டுக் கிளறுங்கள். நோய் கண்ட நிலத்தில் மூன்றாண்டு கோஸ், முள்ளங்கி, டர்னிப், கடுகு கூடாது. பிடுங்கிய வேரை எருக்குழியில் போடாதீர்கள், எரித்துவிடுங்கள். மண்வெட்டியில் ஒட்டிய மண்கூட அடுத்த தோட்டத்துக்கு நோயைக் கொண்டுபோகும்.

ஒரு வாசகர், கோத்தகிரி