விதை உளுந்துக்கு முளைப்புச் சீட்டு மட்டும் போதாது

எங்கள் ஊர் விதைக் கடன் சங்கத்துப் பெரியவர்களுக்கும், பர்மாவில் பெகு, தட்டோன் பக்கங்களில் இதேபோல் விதை கொடுத்து வாங்கும் மற்றவர்களுக்கும் வணக்கம்.

நெல் அறுத்த வயலில் ஈரம் காய்வதற்குள் உளுந்து போடுகிறோம். கையில் விதை இல்லாதவருக்குச் சங்கம் கூடைக் கணக்கில் கொடுத்து, அறுவடைக்குப் பின் கொஞ்சம் கூட்டி வாங்குகிறது. ஏற்பாடு நல்லதுதான். திரும்பி வரும் விதையைப் பற்றித்தான் எனக்கு மனத்தாங்கல். பருத்த உளுந்தெல்லாம் எஸ்.கியூ. என்னும் முதல்தர விலைக்கு யாங்கோன் வியாபாரியிடம் போய்விடுகிறது. அவர் கழித்ததும், சத்தற்ற வயலில் நோஞ்சானாக விளைந்ததும் சங்கத்துக் கொட்டகைக்கு வருகின்றன. எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி, நூறு விதையை ஈரத்துணியில் சுற்றிவைத்து, எண்பது முளைத்தால் நல்ல விதை என்று சீட்டு எழுதிவிடுகிறோம்.

ஈரத்துணி சொல்வது விதைக்கு உயிர் இருக்கிறதா என்பதை மட்டும்தான். தாய்ச்செடி அதற்குள் என்ன கட்டிக்கொடுத்தது என்பது துணியில் தெரியாது. வேர் மண்ணைப் பிடித்து உறிஞ்சத் தொடங்கும்வரை நாற்றுக்கு அந்தக் கட்டுச்சோறுதான்.

மணிச்சத்தையே, அதாவது பாஸ்பரஸையே, எடுத்துக்கொள்வோம். ஆயிரம் உளுந்து ஏறத்தாழ 40 கிராம். 100 கிராம் உளுந்தில் மணிச்சத்து 380 மில்லிகிராம் அளவு. அப்படியென்றால் ஒரு விதைக்குள் இருப்பது ஒரு மில்லிகிராமில் ஏழில் ஒரு பங்குதான். அதிலும் பாதிக்கு மேல் ஃபைட்டேட் என்ற உருவில், பொட்டாசியம், மெக்னீசியம், கொஞ்சம் துத்தநாகம் இவற்றோடு பூட்டிக் கிடக்கும். விதை நனைந்ததும் ஃபைட்டேஸ் என்ற நொதி அதை அவிழ்த்து நாற்றுக்குக் கொடுக்கிறது. தாய்ச்செடி மணிச்சத்து குறைந்த மண்ணில் நின்றிருந்தால் இந்தச் சேமிப்பும் குறையும்.

மண்ணிலிருந்து எடுத்துக்கொள்ளட்டுமே என்பீர்கள். நம் வயலில் அது அவ்வளவு எளிதல்ல. நெல்லுக்குத் தண்ணீர் நிற்கும்போது இரும்போடு சேர்ந்திருந்த மணிச்சத்து கரைந்து வெளியே வரும். தண்ணீர் வடிந்து காற்றுப் பட்டதும் அதே இரும்பு அதைத் திரும்பப் பிடித்துக்கொள்ளும். மேல்மண் காயக் காய, மீதி இருப்பதும் வேரை நோக்கி நகராது. உளுந்து முளைப்பது சரியாக இந்த நேரத்தில்தான். அடியுரம் போட வசதியுள்ளவர் சமாளித்துக்கொள்வார். கடன் விதை வாங்குபவருக்கு அந்த வசதி இருந்தால் சங்கத்துக்கு ஏன் வருகிறார்?

போரான் என்ற நுண்சத்தும் இப்படித்தான். போரான் இல்லாமல் வளர்ந்த உளுந்துச் செடியின் விதையில் முளைப்பும் நாற்றின் வீரியமும் குறைவதை ஆஸ்திரேலியாவில் சோதித்து 1989இல் வெளியிட்டார்கள். நிலக்கடலையிலோ, செடியில் ஒரு குறையும் தெரியாமலே பருப்பின் நடுவில் குழி விழும். ஆகவே வயல் பச்சையாக இருந்தது என்பது விதைக்குச் சாட்சி ஆகாது. அதற்காகப் போரான் உப்பான போராக்ஸை விதையில் பூசிவிடாதீர்கள், அளவு மீறினால் நாற்றைக் கொன்றுவிடும். விதைக்கென்று ஒதுக்கிய வயலில், விவசாய இலாகாவினரைக் கேட்டு, பூக்கும் சமயத்தில் அளவாகத் தெளிப்பதே சரி. புளிப்பு மண்ணில் மாலிப்டினம் என்ற நுண்சத்தும் செடிக்குச் சரியாகக் கிடைக்காது. வேர்முடிச்சு காற்றிலிருந்து தழைச்சத்து (நைட்ரஜன்) பிடிக்க அது வேண்டும், தேவை மிகச் சொற்பம் என்றாலும்.

பழைய விதையில் சத்து போய்விட்டது என்று கொட்டகையில் அடிக்கடி ஒரு பேச்சு. தாதுச்சத்து எங்கும் ஆவியாகிப் போவதில்லை. பழசானால் போவது முளைக்கும் திறன். அது துணியில் தெரிந்துவிடும். தெரியாத குறைக்குத்தான் வேறு சோதனை வேண்டும்.

சோதனை ஒன்றும் பெரிதல்ல. ஆற்றுமணலைப் பலமுறை அலசி, மழைநீர் மட்டும் ஊற்றி, ஒவ்வொருவர் விதையையும் தனித்தனித் தட்டில் ஒரே நாளில் போடுங்கள். இரண்டு மூன்று வாரம் விடுங்கள். மணலில் ஏறக்குறைய எதுவும் கிடைக்காது என்பதால் நாற்று விதையை நம்பித்தான் நிற்கும். எந்தத் தட்டு முதலில் வெளுத்துக் குன்றுகிறது என்று பாருங்கள். குறை எந்தச் சத்தில் என்று இது சொல்லாது, எந்த மூட்டையை விதைக்குக் கொடுக்கக் கூடாது என்பதைச் சொல்லும். ஒரே ரகத்தை, ஒரே பருமனாகச் சலித்து எடுத்து ஒப்பிட வேண்டும். சிறு விதை எப்படியும் பின்தங்கும்.

அப்புறம், மூட்டைகளைக் கலக்காதீர்கள். யார் வயல், எந்தப் பக்கம் என்று மூட்டைமேல் எழுதி வையுங்கள். கடனைத் திருப்புபவர் வியாபாரிக்குக் காட்டிய அதே குவியலிலிருந்து அளக்க வேண்டும் என்று விதி போடுங்கள். அவருக்குக் கொஞ்சம் பணம் குறையும், முணுமுணுப்பார். அதை ஈடுகட்ட, கூட்டி வாங்கும் அளவைக் குறைத்துக்கொள்ளலாம். சங்கத்துக்கு நட்டமில்லை, நோஞ்சான் விதை இரண்டு கூடை வருவதைவிட நல்லது ஒன்றரை போதும்.

மாசியில் கூட்டம் வைப்பீர்கள். அதற்குள் விதை வரத் தொடங்கிவிடும், விதியை முன்னதாகவே அறிவித்துவிடுங்கள். தட்டும் மணலும் நான் கொண்டு வருகிறேன், கொட்டகைத் திண்ணையில் இடம் மட்டும் கொடுங்கள்.

இப்படிக்கு,
சிட்டாங் கரை உளுந்து விவசாயி ஒருவன்