கீபோர்டு பளபளப்பு அழுக்கு அல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

கொக்கிரகுளத்தில் கலெக்டர் ஆபீஸ் பக்கம் 16 வருடமாக ஜாப் டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை குறைதீர் நாளில் காலை எட்டு மணிக்கே மனு அடிக்க ஆட்கள் வந்துவிடுவார்கள்.

தமிழ் 99 என்ற கீபோர்டு எழுத்து வரிசையில்தான் அடிக்கிறேன். என் கீபோர்டில் ‘அ’, ‘க’, ‘த’ வருகிற கீகளும், கட்டைவிரல் படுகிற ஸ்பேஸ் பாரின் வலது ஓரமும் கண்ணாடி மாதிரி மின்னுகின்றன. ‘ஔ’ மட்டும் வாங்கிய அன்று இருந்தபடியே சொரசொரவென்று இருக்கிறது. மின்னினால் என்ன என்று விடமுடியவில்லை. வேர்த்த விரல் அதில் வழுக்குகிறது. மனுவில் பெயர் ஓர் எழுத்து மாறிப்போனாலும், அந்த மனுஷன் மானூரிலிருந்து மறுபடி பஸ் ஏறி வரவேண்டும்.

“கை எண்ணெய்தான் அக்கா, நல்லா தேய்ச்சுத் துடைங்க” என்று பலரும் சொன்னார்கள். நம்பி நெயில் பாலிஷ் ரிமூவரைப் போட்டேன். ‘ம’ கீ இளகிப் பிசுபிசுத்து, அதிலிருந்த எழுத்தும் போனது. அந்தக் கீ ஏபிஎஸ் பிளாஸ்டிக். ரிமூவரில் இருக்கும் அசிட்டோன் அதைக் கரைத்துவிடும் என்று பிறகுதான் தெரிந்தது.

அம்மி அரைத்து அரைத்து வழவழப்பாகிறதே, அதேதான் இங்கும். புதுக் கீயின் மேலே கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்கள் உண்டு. அவை ஒளியைச் சிதறடிப்பதால் கீ மங்கலாகத் தெரிகிறது. விரல் பட்டுப்பட்டு மேடு தேய்ந்தால் மினுக்கம் வந்துவிடும். சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்தால் பிசுக்கு போகும், மினுக்கம் போகாது. அம்மி என்றால் கொத்திக்கொள்ளலாம். கீயில் உப்புத்தாள் போட்டால் எழுத்துதான் போகும்.

பிபிடி என்ற பிளாஸ்டிக் ஏபிஎஸ்ஸைவிடக் கடினமானது, மெதுவாகத்தான் தேயும். 1985-ல் வந்த ஐபிஎம் மாடல் எம் கீபோர்டின் கீகளே பிபிடிதான். ஒவ்வொரு கீக்கும் தனி ஸ்விட்ச் இருக்கும் மெக்கானிக்கல் கீபோர்டாக இருந்தால் கீயின் மூடிகளை மட்டும் கழற்றி பிபிடி மூடி போட்டுக்கொள்ளலாம். எங்களைப் போன்றவர்கள் வாங்கும் விலை குறைந்த கீபோர்டுகளில் பெரும்பாலும் அந்த வசதி இல்லை.

அப்புறம், வண்ணார்பேட்டையில் நான்கு கடை ஏறி “இது ஏபிஎஸ்ஸா, பிபிடியா?” என்று கேட்டேன். ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை; பெட்டியிலும் போடவில்லை. கீபோர்டு தயாரிப்பவர்கள் அந்த ஒரு வரியைப் பெட்டிமேல் அச்சடிக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு தட்டச்சர்,
கொக்கிரகுளம், திருநெல்வேலி.